மார்ச் பத்தொன்பது என்று நான் சொன்னேன்

வலியசாலை,
2008 பிப்ரவரி 20, புதன்கிழமை.

நேற்று என் மேல்வரிசைப் பல்செட்டில் விழுந்த விரிசலைச் சரிசெய்துகொள்வதற்காகச் சாலைக் கடைத்தெருவில் ஒரு மாடியிலிருக்கும் பல் மருத்துவரிடம் போயிருந்தேன். கூட்டம் இருந்ததால் என்னை உள்ளறை வாசலில் ஒரு ஸ்டூலில் உட்கார வைத்தார்கள். அங்கே வேலை செய்யும் பெண் சிறு கிண்ணத்தில் இளஞ்சிவப்புப் பொடியைக் கொட்டி, ஒரு புட்டியிலிருந்து திரவத்தை ஊற்றிக் குழைத்தாள். காரமும் தித்திப்புமாக ஒரு நெடி எழுந்து மூக்குத்தண்டைப் பிடித்துக்கொண்டது. அதற்கு முன் நான் அதை முகர்ந்ததில்லை. ஆயினும் இன்னதென்று உடனே தெரிந்துவிட்டது. 2002 மே 23 காலையில், மருத்துவமனைக் கட்டிலில் மல்லாந்து படுத்தபடி நீர் எனக்கு அதைச் சொல்லியிருந்தீர்.

"பல் செட் கட்டற எடத்து வாசனை ஓய். குப்புறப் போட்டிருக்கான், முகத்தைத் தூக்க முடியலை, வாசனை மாத்திரம் வரது. எம் முதுகுக்குள்ள பல்லு வைக்கறானோன்னு பயந்துட்டேன்."

நான் ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டேன். "அப்பூப்பா, பத்து மினிட்டு மதி, இப்போ தராம்" என்று அந்தப் பெண் பின்னால் மலையாளத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள், தாத்தாவுக்குப் பத்து நிமிஷத்தில் தந்துவிடுவாளாம். பல்செட்டை அவளிடமே விட்டுவிட்டுப் படியிறங்கினேன். இன்று காலையும் பகலும் குழைந்த மோர்சாதம்தான் ஆகாரம். பல்லில்லாத வாயோடு இதை எழுதுகிறேன்.

உம் முதுகைப் பார்த்த டாக்டரிடம் நான் ஒரு பொய் சொன்னேன். அது நடந்து ஆறு ஆண்டு நிறைய இன்னும் முப்பத்து நான்கு நாள் இருக்கிறது. நீர் அப்போது என் இடப்பக்க நாற்காலியில் இருந்தீர். அந்தப் பொய்யை அறிந்த இரண்டாவது மனிதர் நீர் ஒருவரே. நீர் போனபிறகு அதை அறிந்தவன் நான் மாத்திரம் என்றாகிவிட்டது. ஒருவன் மாத்திரம் அறிந்த விஷயம் எப்படி வளரும் என்பதை நான் இந்த ஆண்டுகளில் தெரிந்துகொண்டேன்.

நாம் இருவரும் அரசு அச்சகத்தின் பிழைதிருத்தும் பிரிவில் 1961 ஜூன் மாதம் ஒரே நாளில் சேர்ந்தோம். 1990 வரை ஒரே மேசை. நீர் மூலப்பிரதியை உரக்க வாசிப்பீர், நான் அச்சுப்படியைப் பார்த்துக் குறியிடுவேன். கமா, முற்றுப்புள்ளி, பத்தி எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்வது உம் கடமை. உமக்கு இழுப்பு உண்டு. மூச்சு வாங்க நீர் நிறுத்திய இடங்களைக் கமா என்று கொண்டு, ஒருமுறை நான் ஓர் அறிவிக்கையில் மூன்று கமாக்களைக் கூடுதலாக இட்டுவிட்டேன். மேலாளர் அறைக்கு இருவரும் அழைக்கப்பட்டோம். "ஸார், இவர் எம் மூச்சையும் சேர்த்து அச்சடிச்சுட்டார்" என்றீர். அவர் சிரித்ததால் தப்பினோம். தேதி தவறினால் மாத்திரம் நான் சிரிக்க மாட்டேன். தேதி தவறிய அறிவிக்கை செல்லாது. அதனால்தான் எனக்குப் பஞ்சாங்கம் என்று பேர் வைத்தீர், வேலையை விட்ட பிறகும் தெருவில் அப்படியேதான் கூப்பிட்டீர்.

அந்த இழுப்புக்கு எந்தக் காலத்திலோ ஒரு டாக்டர் சில நாளைக்கென்று எழுதிக்கொடுத்த குட்டி வெள்ளை மாத்திரையை, நீராகவே மருந்துக் கடையில் வாங்கிப் பதினைந்து ஆண்டுகள் விழுங்கினீர். "இது மாத்திரை இல்லை ஓய், எம் மூச்சு" என்பீர். அது மூச்சைக் கொடுத்துக்கொண்டே எலும்பை எடுத்துக்கொண்டிருந்தது என்று எனக்கோ உமக்கோ அப்போது தெரியாது.

ஆனால் கண்ணுக்கு ஒன்று தெரிந்தது. அதை நான் தமாஷாக்கினேன். நீர் என்னைவிட நான்கு விரல் உயரம். ஆண்டுதோறும் நவம்பரில், உயிரோடிருக்கிறோம் என்று காட்டுவதற்காக நாம் கருவூல அலுவலக வரிசையில் நிற்பது வழக்கம். எப்போதும் நீர் முன்னால், நான் பின்னால். உம் தோள் மறைக்கும், ஜன்னலுக்குள் யார் இருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாது. 1998 நவம்பரில் ஜன்னல் தெரிந்தது. உள்ளே இருந்த குமாஸ்தாவின் வழுக்கையும் தெரிந்தது.

"என்ன ஓய், பென்ஷன்ல வரியைப் பிடிக்கற மாதிரி சர்க்கார் உம்ம உயரத்தையும் பிடிச்சுக்கறதா?"

"எனக்குக் குறைஞ்சா உமக்குத்தானே லாபம். நாப்பது வருஷமா அண்ணாந்து பார்த்தீரே, கழுத்துக்குக் கொஞ்சம் ரெஸ்ட் குடும்."

வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். 2001இல் நாம் இருவரும் ஒரே உயரம். உம் சட்டைகள் முன்பக்கம் நீண்டு தொங்கின. நீர் எதையோ தேடுபவர்போலக் குனிந்து நடந்தீர். நான் அந்த ஆண்டின் குறிப்பேட்டில் இதைத் தேதியிட்டு எழுதி வைத்திருக்கிறேன், வெற்றிக்குறியோடு. எலும்பு ஒவ்வொன்றாக நசுங்கிக்கொண்டிருந்ததை நான் அளந்து பதிவுசெய்து சந்தோஷப்பட்டேன்.

நம் தெருக்கோயில் உற்சவத்துக்கு வேலைப் பட்டியல் எழுதுவது ஓய்வுக்குப் பின் என் பொறுப்பாயிற்று. எந்த நாள், எத்தனை மணி, எந்த வாகனம், யார் தோள் என்று கட்டம் போட்டு எழுதி முன்மண்டபத்தில் ஒட்டுவேன். 1998க்குப் பிறகு உம் பெயரைத் தூக்குபவர்களின் கட்டத்தில் எழுதவில்லை. உம் மகள் கோமதி என்னிடம் கேட்டுக்கொண்டதே காரணம். அவள் புருஷன் மஸ்கட்டில், அவள் பள்ளிக்கூட வேலையோடு உம்மையும் கவனித்துக்கொண்டிருந்தாள். "மாமா, அப்பா சொன்னா கேக்கமாட்டா. கோயில்ல பாரம் கீரம் தூக்க விட்டுடாதீங்கோ. உங்களை நம்பித்தான் அனுப்பறேன்" என்றாள். "நான் இருக்கேன்மா" என்றேன். அந்தச் சொற்களையே சொன்னேன்.

2002 மார்ச் 19, செவ்வாய், கொடியேற்றம். அதற்கு முன் வாகனங்களை அவற்றின் கொட்டகையான வாகனப்புரையிலிருந்து எடுத்துக் கிணற்றடிக் கல்தரையில் வைத்துப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவியாக வேண்டும். ஞாயிறன்று தெருப் பையன்கள் வந்து பெரிய வாகனங்களை முடித்துவிட்டார்கள். சினிமாவுக்கு நேரமாயிற்று என்று அன்னத்தை மாத்திரம் விட்டுவிட்டுப் போனார்கள். பட்டியலில் அன்ன வாகனத்துக்கு நேராகத் திங்கள் காலை ஒன்பது மணி, ராகுகாலம் கழிந்ததும், என்று என் கையால் எழுதியிருந்தது. திங்களன்று பையன்கள் யாரும் இல்லை, அவரவர் வேலைக்குப் போய்விட்டார்கள். நாம் இருவர் மாத்திரம் ஈர வேட்டியோடு நின்றோம்.

"சாயங்காலம் பசங்க வந்துடுவா. இப்ப என்ன அவசரம்?" என்று கேட்டீர்.

"சாயங்காலம்னு பட்டியல்ல இல்லை."

"பட்டியல் எழுதினது நீர்தானே ஓய். பகவானா எழுதினார்?"

அடுத்த வீட்டு மாடி கட்டிக்கொண்டிருந்த இரண்டு ஆட்கள், வள்ளியூர்ப் பக்கத்துக்காரர்கள், மதிலுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் மூத்தவர் வாசல்வரை வந்தார். "சாமி, ரெண்டு பேரும் வயசாளியோ. நாங்க தூக்கி வச்சிட்டுப் போறோம். சும்மாத்தான், ஒண்ணும் தர வேண்டாம்."

"வேண்டாம்ப்பா. இதைக் குளிச்சவாதான் தொடணும்" என்றேன்.

"குளிச்சிட்டுத்தான் சாமி வந்திருக்கோம். காலம்பற அஞ்சு மணிக்கே குளிச்சாச்சி."

மரக்கதவைச் சாத்தினேன். "பாவம், நல்ல மனுஷா. விட்டிருக்கலாம்" என்றீர். "விட்டுட்டு அப்பறம் தீட்டுப் போகப் புண்யாகத்துக்கு யார் ஓடறது?" என்றேன். அவ்வளவுதான் நாம் அதைப் பற்றிப் பேசியது.

அன்னத்தைக் கயிற்றால் கட்டி, மூங்கிலில் கோத்தோம். முன்னால் நீர், பின்னால் நான். உயரம் சமமாயிருந்ததால் கயிறு நடுவிலேயே நின்றது. முன்பெல்லாம் பாரம் முழுதும் குள்ளனாகிய என் பக்கம் சரிந்து வரும். "இப்பதான் ஓய் நமக்கு ஜோடிப் பொருத்தம்" என்று நான் சொன்னது நினைவிருக்கிறது. வாகனப்புரையிலிருந்து கிணற்றடிக்கு மூன்று படி இறக்கம். படியிறங்கும்போது கயிறு முன்னால் போகிறவர்மேல் சரியும், பின்னால் வருபவன் அதைக் கையால் இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். முப்பது ஆண்டுகளாக எனக்குத் தெரிந்த விஷயம் அது. நான் அந்தக் கையைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்பது அடித்து நான்கு நிமிஷம். கயிறு வழுக்கியது.

நீர் கத்தவில்லை. மூங்கிலை விடவுமில்லை. மீதி இரண்டு படியையும் இறங்கி, கல்தரையில் அன்னத்தின் மூக்கு அடிபடாமல் இறக்கி வைத்துவிட்டு, கிணற்றுச் சுவரில் கையூன்றி நின்றீர். "ஓய், முதுகுல ஏதோ உக்காந்துடுத்து" என்றீர். வலிக்கிறதா என்றேன். "வலி இல்லை, ஏதோ எடம் மாறினாப்புல" என்றீர். நான் தனியாகவே அன்னத்தைக் கழுவி முடித்தேன். அன்று மாலை கோமதியிடம் நீர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை உம்மால் படுக்கையிலிருந்து எழ முடியவில்லை. கொடியேற்ற மேளம் தெருவில் போய்க்கொண்டிருக்க, அவள் என்னைக் கூப்பிட ஓடி வந்தாள். செவ்வாய்க் காலையில் வந்த வலி என்றே அவள் நினைத்தாள்.

மார்ச் 25, திங்கள். நகரின் வடகோடியில் இருந்த அந்த மருத்துவமனைக்கு மூவரும் போனோம். டாக்டர் இளைஞர், மதுரையில் படித்த மலையாளி, பொறுமைசாலி. உம் எக்ஸ்ரேயை வெளிச்சப் பெட்டியில் மாட்டி விளக்கினார். முதுகெலும்பின் கட்டைகளுக்கு உள்ளே தேன்கூடு போன்ற சுவர்கள் உண்டு. அந்த மாத்திரையால் உமக்கு அவை மெலிந்து பொரபொரத்துவிட்டன. பழைய நசுங்கல் இரண்டு, புதியது ஒன்று. புதியதற்கு இப்போது ஒரு வழி வந்திருக்கிறது என்றார். முதுகைக் கிழிக்க வேண்டாம், முழு மயக்கமும் வேண்டாம். எக்ஸ்ரேயில் பார்த்தபடியே ஒரு கனமான ஊசியை நசுங்கிய கட்டைக்குள் செலுத்தி, எலும்புச் சிமெண்ட்டைக் குழைத்துச் செலுத்தினால் சிறிது நேரத்தில் இறுகிவிடும். மறுநாள் நடக்கலாம்.

"யாரு போடற சிமெண்ட் டாக்டர்? கான்ட்ராக்டர் சிமெண்ட்டுன்னா ஒரு இடவப்பாதி மழைக்குத் தாங்காது" என்றீர். அவர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு கேட்டார்:

"விழுந்தோ? இல்லே, பாரம் ஏதாவது எடுத்தோ?"

கோமதி என் பின்னால் நின்றாள். அவள் கை என் நாற்காலி முதுகில் இருந்தது. நீர் வெளிச்சப் பெட்டியைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நான் குறிப்பேட்டைப் பிரித்தேன். அதில் மார்ச் 18 என்ற தலைப்பின்கீழ் நடந்ததெல்லாம் என் கையெழுத்தில் இருந்தது. அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே, "இல்லை டாக்டர். ஒண்ணும் தூக்கலை. மார்ச் பத்தொன்பது காலம்பற படுக்கையிலேருந்து எழுந்திருக்கறச்சே பிடிச்சுண்டுது" என்றேன்.

அவர் பேனா நின்றது. "சும்மா எழுந்தப்போவா?" என்றார். மறுபடி உம் படத்தைப் பார்த்தார், பிறகு நெஞ்சின் படத்தை. அதில் பழைய தழும்பு ஒன்று இருந்தது. ஒன்றுமே தூக்காமல் விழாமல் இப்படி இடிந்ததென்றால் உள்ளே வேறேதும் உண்டா என்று பார்த்தாக வேண்டும் என்றார். நெஞ்சுத் தழும்பு காசநோயாக இருக்கலாம், அது எலும்புக்கும் போகலாம். "கிருமி இருக்கற எலும்புல சிமெண்ட் வைக்கக் கூடாது, அது பெரிய ஆபத்து." ஊசியால் எலும்பிலிருந்து சிறு துணுக்கு எடுத்துச் சோதனைக்கு அனுப்ப வேண்டும், கிருமி வளர்கிறதா என்று ஆறு வாரம் காத்திருக்க வேண்டும். அதுவரை படுக்கை, மாத்திரை, இடுப்புப் பட்டை.

ஏப்ரல் 4 வியாழனன்று துணுக்கு எடுத்தார்கள். மே 16 வியாழனன்று முடிவு வந்தது. கிருமி ஒன்றும் இல்லை. இந்த இரண்டு வியாழக்கிழமைகளுக்கு இடையில்தான் நான் உம்மைக் கொன்றேன்.

கடுமையான சொல் என்று நீர் சொல்வீர். வேறு சொல்லைத் தேடிப் பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை. அந்த ஆறு வாரங்களில் உம்மால் படுக்க முடியவில்லை. சாய்வு நாற்காலியில் மூன்று தலையணைகளுக்கு நடுவில் உட்கார்ந்தபடியே தூங்கினீர். நான் தினமும் காலை பத்து மணிக்கு வந்து பத்திரிகை வாசித்தேன். இருபத்தொன்பது ஆண்டு நீர் வாசிக்க நான் கேட்டேன், இப்போது முறை மாறியது. ஒரு வரி விட்டுவிட்டால் கண்ணை மூடியபடியே, "ஒரு வரி முழுங்கிட்டீர்" என்பீர். மூன்றாவது வாரத்தில் ஒருநாள் இருமல் வந்து, இருமலின் நடுவில் உம் முகம் வெளுத்தது. இன்னொரு கட்டை இடிந்தது. ஐந்தாவது வாரத்தில் மற்றொன்று. நெஞ்சுக்கூடு இடுப்பெலும்பின்மேல் வந்து உட்கார்ந்துகொண்டது. இரண்டு கரண்டி கஞ்சிக்கே வயிறு நிறைந்துவிட்டது என்பீர். முழு வாக்கியம் பேச உமக்கு மூச்சு போதவில்லை.

மூன்றாவது வாரத்து அந்த நாளில் நான் வாய் திறந்தேன். அது உமக்கு நினைவிருக்கும். கோமதி சமையலறையில் இருந்தாள். "நாளைக்கு டாக்டர்ட்ட போய் நடந்ததைச் சொல்லிடறேன் ஓய். காத்திருக்க வேண்டாம்னாலும் சொல்லுவார்" என்றேன்.

நீர் ஒவ்வொரு சொல்லுக்கும் நிறுத்திச் சொன்னீர்: "சொன்னீர்னா... கோமதி உம்மை... இந்த ஆத்துப் படி ஏத்தமாட்டா. அப்பறம்... எனக்கு யார்... பேப்பர் வாசிப்பா?"

"அதுக்காக..."

"மூணு வாரம் ஆச்சு. மூணு வாரம்தானே... பாக்கி. வாசியும்."

நான் வாசித்தேன். நீர் தடுத்ததால்தான் நான் சொல்லவில்லை என்று ஐந்தாண்டுகள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நேற்று மாடிப்படியில் இறங்கும்போது அது பொய் என்று ஒப்புக்கொண்டேன். நீர் வேண்டாம் என்றதும் எனக்குள் ஏற்பட்டது ஆறுதல். பாரத்தை இறக்கி வைத்த ஆறுதல். கோமதியின் முகத்தை நேரில் பார்க்க வேண்டாம். நீர் உம் முதுகைக் கொடுத்து என் மானத்தைக் காப்பாற்றினீர். நான் அதை வாங்கிக்கொண்டு, அடுத்த பத்தியை வாசிக்கத் தொடங்கினேன்.

மே 22 புதனன்று சிமெண்ட் வைத்தார்கள். நானும் கோமதியும் வெளியே பெஞ்சில் இருந்தோம். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. தள்ளுவண்டியில் உம்மைக் கொண்டுவந்த நர்ஸ், "அப்பூப்பா நல்ல மிடுக்கன், ஒட்டும் அனங்கியில்லா" என்றாள், சிறிதும் அசையாமல் கிடந்தீராம். மறுநாள் காலை நான் வந்தபோது நீர் மல்லாந்து படுத்திருந்தீர். இரண்டு மாதத்துக்குப் பின் முதன்முறையாக. "படுத்துத் தூங்கினேன் ஓய்" என்றீர். அந்தக் குரலில் இருந்த ஆச்சரியத்தை நான் வேறு யாரிடமும் கேட்டதில்லை. பிறகுதான் அந்த வாசனையைப் பற்றிச் சொன்னீர். பத்து மணிக்கு எழுந்து ஜன்னல்வரை நடந்தீர், ஒரு முகச்சுளிப்புக்கூட இல்லை. கோமதி அழுதாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "மாமா, நீங்க கூட இல்லேன்னா நான் என்ன பண்ணியிருப்பேன்" என்றாள்.

ஊசி வேலை செய்தது என்பதுதான் என்னால் தாங்க முடியாதது. அவர் சொன்னது அத்தனையும் சரியாக நடந்தது. வலி போயிற்று. ஆனால் இடிந்த உயரம் திரும்பி வராது, அந்த உயரத்தில் இருந்த மூச்சும் திரும்பி வராது என்று டாக்டர் எங்களைத் தனியே அழைத்துச் சொன்னார். இடவப்பாதியில், ஜூன் மழையில், ஒரு சளி. அதிலிருந்து எழுந்துவிட்டீர். ஐப்பசியின் துலாமழையில் இன்னொன்று. உள்ளே இழுத்த காற்றைக் கொண்டு சளியை வெளியே தள்ள உம் நெஞ்சில் இடமில்லை. 2002 நவம்பர் 9, சனிக்கிழமை, பிற்பகல் இரண்டு இருபது. அந்த மாதம் கருவூலத்துக்கு நான் தனியாகப் போனேன்.

பதின்மூன்றாம் நாள் கழிந்த பிறகு, நவம்பர் 25 அன்று, அந்த டாக்டரைப் போய்ப் பார்த்தேன். நன்றி சொல்ல வந்ததாகச் சொல்லிக்கொண்டேன். எழுந்திருக்கும்போது, சும்மா தெரிந்துகொள்ளக் கேட்பவன்போலக் கேட்டேன்: இதேபோல் ஒருவர் பாரம் தூக்கி முதுகு இடிந்து வந்தால் என்ன செய்வீர்கள்?

"பாரம் எடுத்து இடிஞ்சுதுன்னா காரணம் தெரிஞ்சு போச்சே மாமா. அவ்வளவு சந்தேகம் வராது. ஸ்கேன் ஒண்ணு எடுத்து, பத்து நாளுக்குள்ள சிமெண்ட் வெச்சிருப்போம்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "ஏன் கேக்கறீங்க?" என்றார்.

"ஒண்ணுமில்லை" என்றேன். அவரிடம் இரண்டாவது பொய்.

இதற்குமேல் உமக்குத் தெரியாத ஒன்று மாத்திரம் பாக்கியிருக்கிறது. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

கோயிலுக்கு வரும் சித்திரையில் கும்பாபிஷேகம். மலர் ஒன்று போடுகிறார்கள். தோள் கொடுத்தவர்களைப் பற்றிய பக்கங்களைக் கோமதி தொகுக்கிறாள். ஜனவரி 15, பொங்கலன்று, சர்க்கரைப் பொங்கலைக் கொடுத்துவிட்டு என் எதிரில் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தாள். அவளுக்கும் இப்போது காதோரம் நரைத்துவிட்டது.

"மாமா, தேதின்னா உங்களைத்தான் கேக்கணும். அப்பா கடைசியா வாகனத்துக்குத் தோள் குடுத்தது எந்த வருஷம்?"

மூன்றடி தூரத்து அலமாரியில் 2002ஆம் ஆண்டுக் குறிப்பேடு இருந்தது. அவள் உட்கார்ந்த இடத்திலிருந்து அதன் முதுகில் நான் ஒட்டிய எண் தெரியும். அவளுக்கு இப்போது கோபிக்கவும் முடியும், மன்னிக்கவும் முடியும். இரண்டில் எது நடந்தாலும் எனக்கு அது போதும் என்று ஆண்டுக்கணக்கில் நினைத்து வந்தவன் நான்.

"தொண்ணூத்தெட்டு" என்றேன்.

எழுதிக்கொண்டாள். "அதுக்கப்பறம் நீங்க விடலை, இல்லையா மாமா?"

"இல்லைம்மா. விடலை."

இன்று பகல் பன்னிரண்டு மணிக்கு மலரின் அச்சுப்படி என்னிடம் திருத்துவதற்கு வந்தது. பழைய அச்சகத்துக்காரர் பார்த்துக் கையெழுத்திட்டால்தான் அச்சுக்குப் போகலாம் என்று குழுவினர் சொல்லிவிட்டார்களாம். கோமதியே கொண்டுவந்து கொடுத்துவிட்டு, நான் முடிக்கும்வரை காத்திருந்தாள். வாசிக்க ஆளில்லாததால் நானே வாய்விட்டு வாசித்து நானே குறியிட்டேன். நாற்பத்தொரு பிழைகள். இரண்டு தேதிகள் தவறு, திருத்தினேன். இருபத்தாறாம் பக்கத்தில் உம் பெயர் வந்தது. அதன்கீழ் நான்கு வரிகள். மூன்றாவது வரி, 1998வரை நீர் தோள் கொடுத்ததைச் சொல்கிறது. நான்காவது வரியில், உம் கடைசி ஆண்டுகளில் உம்மைப் பாரம் தொடவிடாமல் கண்போலக் காத்த நண்பர் என்று என் பெயரை அவள் சேர்த்திருக்கிறாள்.

அந்த நான்கு வரிகளையும் மற்ற வரிகளைப் போலவே உரக்க வாசித்தேன். கமா, முற்றுப்புள்ளி எல்லாவற்றையும் சொன்னேன். ஓரத்தில் ஒரு குறியும் இடவில்லை. பக்கத்தின் அடியில் 'சரிபார்க்கப்பட்டது' என்று எழுதி, தேதியிட்டு, கையொப்பமிட்டு அவள் கையில் கொடுத்தேன்.